சந்தா எங்களது, பட்டியல் யாருடையது?

அம்மாயி செத்து முப்பதாம் நாள் முடிஞ்ச பிறகுதான் அவங்களோட தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். அடையாள அட்டை, ரெண்டு பழைய போட்டோ, ஒரு கட்டு சம்பளத்துண்டு. ரப்பர் பட்டி போட்டு வருஷ வாரியா அடுக்கி வச்சிருந்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி எதுக்கு இதையெல்லாம் சேர்த்து வச்சாங்கன்னு அம்மாவுக்கும் தெரியல்ல.

எல்லாத் துண்டிலும் கிட்டத்தட்ட ஒரே வரிசை. ஈ.பி.எஃப். 8 வீதம், தேத்தூள், கோயில், டோபி, பாபர், முற்பணம், சங்கம். டோபியும் பாபரும் ஒரு கட்டத்தில் காணாமல் போகின்றன. சங்கம் மட்டும் கடைசித் துண்டு வரைக்கும் இருக்கிறது. அம்மாயி வேலைக்குப் போகாத மாதம் போக, மற்ற எல்லா மாதமும் அந்தக் காசு பிடிபட்டிருக்கிறது. அந்தச் சங்கம்தான் கட்சி. அந்தக் கட்சிதான் தேர்தலில் ஆள் நிறுத்தியது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது, "ஆயி, இந்த முறை யாரை நிறுத்தலாம்?" என்று யாராவது அவங்களிடம் கேட்டிருப்பார்களா? கேட்டிருந்தால் அதை அம்மாயி ஊர் முழுக்கச் சொல்லியிருப்பாங்க. அப்படி ஒரு கதையை நாங்க கேட்டதே இல்லை.

இந்தத் துண்டுகள் ஞாபகம் வரக் காரணம், தலவாக்கலையில் பிளேன்டீ குடிச்சிக்கிட்டு நாங்க நாலஞ்சு பேர் போட்ட ஒரு சண்டை. அமெரிக்காவில் நடக்கிற பிரைமரி மாதிரி, கட்சி யாரை வேட்பாளராக நிறுத்த வேண்டும் என்று தீர்மானிக்க முதலில் ஒரு உள்தேர்தல் இங்கேயும் வேண்டும் என்றான் ஒருத்தன். எல்லாரும் தலையாட்டினோம். அடுத்த கேள்வியில்தான் பிரிஞ்சோம். அந்த உள்தேர்தலில் யார் வோட்டுப் போடலாம்? "சந்தா கட்டுற மெம்பர் மட்டும்தான்" என்றான் ஒருத்தன். "அப்ப கொழும்புல கடையில நிக்கிற என் தம்பிக்கு வோட்டு இல்லையா?" என்று கேட்டாள் இன்னொருத்தி. இந்தக் கட்டுரை அவள் பக்கம். ஆனால் முதலாமவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் விடப் போவதில்லை.

முதலில் இப்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நுவரெலியா மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் 8 ஆசனங்கள். ஒரு கட்சிப் பட்டியலில் 11 பேர். அந்தப் பட்டியலுக்குச் சட்டப்படி உயிர் கொடுப்பது கட்சிச் செயலாளரின் கையெழுத்து. கட்சி பதிவு செய்வதற்கு யாப்பு வேண்டும், நிர்வாகிகள் பெயர் வேண்டும் என்றெல்லாம் சட்டம் கேட்கிறது. ஆனால் வேட்பாளரை உறுப்பினர்கள் தெரிவு செய்தார்களா என்று அது கேட்பதில்லை. இதோடு முடியவில்லை. நம்ம கட்சிகள் பெரும்பாலும் சொந்தச் சின்னத்தில் கேட்பதும் இல்லை. 2020இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மொட்டில், தமிழ் முற்போக்குக் கூட்டணி டெலிபோனில். 2024இல் காங்கிரஸ் யானையில். யார் சின்னத்தில் நிற்பது, அந்தப் பட்டியலில் நமக்கு எத்தனை இடம், அந்த இடங்களில் யார் யார் என்ற மூன்று முடிவையும் கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எடுக்கிறார்கள். பெரட்டுக்களத்துக்கு வருவது முடிவு மட்டும்தான். மூணு நம்பர் போட்ட ஒரு துண்டு.

"அதுதான் விருப்பு வாக்கு இருக்கே, அதுவே பிரைமரி மாதிரித்தானே?" என்று ஒரு பேச்சு உண்டு. இல்லை. கடைக்காரன் எடுத்து வைத்த பதினொரு சாமானில் மூன்றைக் காட்டச் சொல்வதுதான் விருப்பு வாக்கு. தட்டில் எதை வைப்பது என்று கேட்பதல்ல.

2020ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம் வேட்புமனு முடிந்தது. கொரோனாவால் தேர்தல் தள்ளிப்போனது. மே 26ஆம் திகதி ஆறுமுகன் தொண்டமான் காலமானார். மலையகமே துக்கத்தில் இருந்தது, அது உண்மையான துக்கம், நானும் எங்க லயத்துக்கு முன்னால் வெள்ளைக்கொடி கட்டினவன். மொட்டுப் பட்டியலில் காலியான அந்த இடம் மகன் ஜீவன் தொண்டமானுக்குப் போனது. ஆகஸ்ட் 5ஆம் திகதி தேர்தலில் அவர் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான விருப்பு வாக்கோடு வென்றார். சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. சனமும் வோட்டுப் போட்டது. ஒருவேளை உறுப்பினர்களிடம் வாக்குச்சீட்டைக் கொடுத்துக் கேட்டிருந்தாலும் அவர்தான் வந்திருப்பார். என் பிரச்சினை வந்த ஆள் இல்லை. இத்தனை ஆயிரம் பேர் சந்தா கட்டிய அமைப்பில், அவர்களைக் கேட்டிருக்கலாமே என்ற நினைப்புக்கூட யாருக்கும் வரவில்லை என்பதுதான் என் பிரச்சினை. கேட்கப்படாதவர்களுக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். நம்ம தலவாக்கலையில் இருந்து போனவர் சி. வி. வேலுப்பிள்ளை. அடுத்த வருஷமே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி வோட்டையும் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நம்ம ஆட்களுக்கு மிஞ்சிய ஒரே அட்டை சங்க அட்டைதான். நாடு தராத குரலைச் சங்கம் கொடுத்தது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1960இலும் 1965இலும் பாராளுமன்றத்துக்குப் போனது நியமன உறுப்பினராக. வோட்டு இல்லாத சனத்துக்காக ஒருவர் நியமிக்கப்பட்டார். 1977இல்தான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் தேர்தலில் நின்று வென்றார். அந்தக் காலத்தில் அதைத் தவிர வேறு வழி இருந்ததா? இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அப்போது பழகிப்போன பழக்கம் ஒன்று இன்னும் போகவில்லை. சனத்துக்காகத் தலைவர் பேசுவார், சனம் சந்தா கட்டும், ஆள் யார் என்பதை மேலே பார்த்துக்கொள்வார்கள். பிரஜாவுரிமைப் பிரச்சினை 1988, 2003 சட்டங்களோடு ஓரளவு தீர்ந்தது. வோட்டு திரும்பி வந்தது. அந்தப் பழக்கம் மட்டும் 1960லேயே நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை வேறு. கட்சி உறுப்புரிமை என்பது நம்ம நாட்டுச் சட்டத்தில் ஒன்றுமில்லாத விஷயம் அல்ல. அரசியலமைப்பின் 99(13) உறுப்புரையைப் பாருங்கள். ஒரு எம்.பி. தன் கட்சி உறுப்புரிமையை இழந்தால் ஆசனத்தையும் இழப்பார், நீக்கியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னால் ஒழிய. அதாவது மேலே இருப்பவருக்கு உறுப்புரிமை என்பது நாற்காலி. அவரைக் கட்டிப்போடத் தலைமையின் கையில் இருக்கிற கயிறும் அதுதான். அம்மாயிக்கு அதே உறுப்புரிமை சம்பளத்துண்டில் ஒரு வரி.

சரி, உறுப்பினர்களுக்கு வோட்டுக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? இங்கேதான் நண்பனோடு நான் முரண்படுகிறேன். "மெம்பர் மட்டும்" என்ற சொல் பார்க்க நியாயமாக இருக்கும். அந்த மெம்பர் என்ற கதவுக்குக் காவல் நிற்பது யார் என்பதைப் பொறுத்துத்தான் மிச்சமெல்லாம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் நடந்தது நமக்கு ரொம்பப் பக்கத்துக் கதை. அந்தக் காலத்தில் அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளர்தான் எப்படியும் வெல்வார். அதனால் அந்தக் கட்சியின் பிரைமரிதான் நிஜத் தேர்தல், பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. பிரைமரியில் வோட்டுப் போட உறுப்பினராக இருக்க வேண்டும். வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று கட்சி தீர்மானம் போட்டது. கறுப்பு மக்களின் வோட்டுரிமையை அரசு பறித்தால் அது அரசியலமைப்புக்கு விரோதம், கட்சி பறித்தால் அது ஒரு கிளப்பின் சொந்த விவகாரம் என்று 1935இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 1944இல்தான், ஹூஸ்டன் நகரத்துக் கறுப்புப் பல் வைத்தியர் ஒருவர் போட்ட ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில், அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றியது. ஆளைத் தெரிவு செய்கிற இடத்தில் கதவை அடைத்தால் அது வோட்டைப் பறிப்பதுதான் என்றது. சட்டத்தால் வோட்டுப் பறிபோன சனத்தின் பேரப்பிள்ளைகள் நாங்கள். கதவு பற்றி எங்களுக்கு வேறு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இனவாதமே இல்லாத இடத்திலும் கதவு வேலை செய்யும். நியூயோர்க்கில் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும்தான் பிரைமரியில் வோட்டுப் போடலாம். 2016 ஏப்ரலில் நடந்த பிரைமரிக்கு, ஏற்கனவே பதிந்தவர்கள் கட்சிப் பதிவை மாற்ற 2015 ஒக்டோபரே கடைசி. ட்ரம்பின் சொந்தப் பிள்ளைகள் இவான்காவும் எரிக்கும் அந்தத் திகதியைத் தவறவிட்டு அப்பாவுக்கு வோட்டுப் போட முடியாமல் நின்றார்கள். கோடீஸ்வரன் பிள்ளைகளுக்கே இந்தக் கதி. பிறப்புச் சான்றிதழ் எடுக்க ரெண்டு பஸ் மாறுகிற நம்ம ஆட்கள் ஆறு மாசம் முன்னால் படிவம் நிரப்புவார்கள் என்று நினைப்பது கனவு.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரித்தானியத் தொழிற்கட்சி. சங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய கட்சி அது. ஒரு காலத்தில் அங்கே கட்சி மாநாட்டில் சங்கத் தலைவர் ஒருவர் கையைத் தூக்கினால் அவர் சங்கத்து இலட்சக்கணக்கான உறுப்பினரும் கையைத் தூக்கியதாகக் கணக்கு. கேட்டால் சிரிப்பு வருகிறதா? நம்ம ஊரில் இன்றைக்கும் அதுதான் நடக்கிறது, கையைத் தூக்குவதுகூட இல்லை, போன் பண்ணுவதோடு சரி. அங்கே சண்டை பிடித்துப் பிடித்து மாற்றினார்கள். 2015 தலைவர் தேர்தலில், சங்க உறுப்பினர் தான் கட்சியை ஆதரிப்பதாக ஒரு படிவத்தில் சொன்னால் போதும், அவருக்கும் ஒரு வோட்டு, எம்.பி.க்கும் ஒரு வோட்டு. சங்கத்திலும் இல்லாதவர்கள் 3 பவுண் கட்டி ஆதரவாளராகப் பதியலாம். ஜெரமி கோர்பின் 59.5 வீதத்தோடு வந்தார். தலைமைக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் 3 பவுண் 25 பவுணாகியது, ஜனவரி 12க்குப் பிறகு சேர்ந்த உறுப்பினர்களுக்கு வோட்டு இல்லை என்றார்கள். வழக்கு மேன்முறையீடு வரை போய்க் கட்சியே வென்றது. கோர்பின் மறுபடியும் ஜெயித்தது வேறு கதை. உறுப்புரிமை நிபந்தனை என்ற நெம்புகோலை யார் எப்போது எந்தப் பக்கம் அழுத்துவார்கள் என்று காட்டத்தான் இதைச் சொன்னேன்.

இப்போது நம்ம தோட்டத்துக்கு வாருங்கள். "சந்தா கட்டுகிறவருக்கு மட்டும் வோட்டு" என்றால் யார் யார் வெளியே நிற்பார்கள்? லயத்தில் இருக்கிறவர்களில் செக்ரோலில் பேர் இருக்கிறவர்கள் இன்றைக்குக் குறைவு. கொழும்பில் கடையில் நிற்கிற பொடியன்கள், வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள், கார்மன்ட் பிள்ளைகள், ஓட்டோ ஓட்டுகிறவன், கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிற பொம்பளைகள், டீச்சர்மார், பென்ஷன் எடுத்த பெரியவர்கள். அம்மாயியே கடைசிப் பத்து வருஷம் செக்ரோலில் இல்லை, அவங்களுக்கும் வோட்டு இருந்திருக்காது. கட்சி தன்னை மலையகத்தின் குரல் என்று சொல்லிக்கொள்கிறது. மலையகத்தில் பாதிக்கு மேல் அதன் கதவுக்கு வெளியே இருக்கும்.

உள்ளே இருப்பவர்களையாவது நம்பலாமா? சங்கத்தில் சேர்வது நம்ம ஊரில் அரசியல் நம்பிக்கை இல்லை. பேர் பதியவில்லை, கூரை ஒழுகுகிறது, கணக்கப்பிள்ளையோடு சண்டை, இந்தச் சங்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அந்தச் சங்கத்துப் படிவத்தில் கையெழுத்து. அது நியாயமும்கூட, சங்கம் அதற்குத்தான். 2024இல் நுவரெலியாவில் தேசிய மக்கள் சக்தி எட்டில் ஐந்து எடுத்தது. மாவட்டத்தில் சிங்கள வாக்குகள் நிறைய என்பதை மறைக்க வேண்டாம். ஆனாலும் பழைய சங்கத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டே திசைகாட்டிக்குப் புள்ளடி போட்டவர்கள் என் லயத்திலேயே இருக்கிறார்கள். சந்தா ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். அப்படியானால் சந்தாவை வைத்து யார் கட்சிக்காரர் என்று அளப்பது பிழையான தராசு.

அந்தத் தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும் வென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றம் போனது அதுதான் முதல் தடவை. ரெண்டு பேரும் நம்ம சங்கக் கட்சிகள் நிறுத்தியவர்கள் இல்லை. கொழுந்துக் கூடையைச் சுமப்பதில் பெரும்பாலானவர்கள் பொம்பளைகள், அதனால் சந்தாவில் பெரும்பகுதியும் அவர்களது. மாதர் சங்கத் தலைவி என்று ஒரு பதவி, மே தினத்துக்குச் சேலை, பட்டியலில் இடம் கேட்டால் "அடுத்த முறை பார்ப்போம்". இவர்கள் கையில் ரகசிய வாக்குச்சீட்டு இருந்திருந்தால் முதல் பெண் எம்.பி.யைப் பார்க்க 2024 வரை காத்திருந்திருப்போமா என்று எனக்குச் சந்தேகம். தேசிய மக்கள் சக்திக்கும் இதில் நான் பூமாலை போடவில்லை. அங்கேயும் பட்டியலைத் தீர்மானித்தது கட்சிதான், தோட்டத்தில் வைத்த வாக்குப்பெட்டி அல்ல. அடுத்த தடவை இதே கேள்வி அவர்களுக்கும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? என் நிலைப்பாடு இது. சந்தா கட்டுகிற ஒவ்வொருவருக்கும் வோட்டு, அதில் பேச்சே இல்லை, அது அவர்கள் காசு. அதற்கு மேல், அந்த இடத்துத் தேர்தல் இடாப்பில் பேர் இருக்கிற யாரும் ஒரு பக்கப் படிவத்தில் "இந்த முறை வேறு கட்சியின் தெரிவில் கலந்துகொள்ள மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டால் அவருக்கும் வோட்டு. காசு வாங்கக் கூடாது. படிவத்தை அன்றைக்கே, வோட்டுப் போடுகிற இடத்திலேயே கொடுக்க வேண்டும். கையைத் தூக்கச் சொல்லக் கூடாது. பெட்டி வைத்து, ரகசியமாக, தோட்டத்திலேயே எண்ண வேண்டும். கையைத் தூக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று எங்க தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். கோயில் முன்னால் கூட்டம், மேலிடத்து ஆள் ஒருவர் பேரைச் சொல்லி "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். முன்வரிசை தூக்கியது, பின்வரிசை முன்வரிசையைப் பார்த்துத் தூக்கியது. அம்மா ஏன் தூக்கினீங்கன்னு கேட்டதுக்கு, "தூக்காட்டி நாளைக்கு வீட்டு லிஸ்ட்ல பேரு இருக்குமா?" என்றாங்க.

எதிர்க்கட்சிக்காரன் புகுந்து மோசமான ஆளைத் தெரிவு செய்துவிடுவான் என்பார்கள். விஸ்கொன்சின் மாதிரி மாநிலங்களில் கட்சிப் பதிவே கிடையாது, எந்த வாக்காளரும் ஒரு கட்சியின் பிரைமரியில் போடலாம், அங்கே கட்சிகள் அழிந்துபோகவில்லை. சாராயம் ஓடும் என்பார்கள். இப்ப ஓடவில்லையா? சாதி பார்ப்பார்கள் என்பதுதான் எனக்கும் பயமாக இருக்கிற ஒரே கேள்வி. பார்ப்பார்கள். எண்ணிக்கை கூடின சாதி தன் ஆளைக் கொண்டுவரப் பார்க்கும். ஆனால் இப்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்கள் சாதிக் கணக்குப் பார்க்காமலா போடுகிறார்கள்? அங்கே அது ரகசியமாக நடக்கிறது. பெட்டி வைத்தால் வெளிச்சத்துக்கு வரும், வந்தால் சண்டை பிடிக்கலாம். இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

இது நடக்காத காரியம் என்று சொல்கிறவர்கள் ஜெர்மனியைப் பார்க்கலாம். அங்கே வேட்பாளரைக் கட்சி உறுப்பினர்களோ, அவர்கள் தெரிவு செய்த பிரதிநிதிகளோ ரகசிய வாக்கெடுப்பில்தான் தெரிவு செய்ய வேண்டும் என்பது தேர்தல் சட்டம், கட்சியின் பெருந்தன்மை இல்லை. நம்ம சட்டத்தில் அது வர எத்தனை காலம் ஆகுமோ. ஆனால் ஒரு சங்கம் தன் யாப்பில் இதைச் சேர்க்கப் பாராளுமன்றம் கூடத் தேவையில்லை, பொதுச்சபை கூடினால் போதும்.

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. அடுத்தது எப்போது வந்தாலும் முதலில் வருவது பட்டியல்தான். எங்க தோட்டத்தில் நாங்க ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். சங்கத்து ஆள் சந்தாப் படிவத்தை நீட்டும்போது கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி எழுதிக் கொடுக்கிறோம்: "வேட்பாளர் தெரிவில் எனக்கு வோட்டு எங்கே?" இதுவரைக்கும் பதினேழு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்த வரியை வெட்டச் சொன்னார். அம்மா வெட்டவில்லை.